கோடை விடுமுறையும் நாலு மரப்பலகையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. மேடையில் பேசியதை மலருக்காக ஓரளவு ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் போன மாதம் போன் பண்ணி, "ரிட்டயர் ஆன பிறகு என்ன செய்றீங்க? அதைப் பற்றியே இருபது நிமிஷம் பேசிடுங்களேன்" என்றார். "சின்னப் பிள்ளைகளை வைத்துப் பலகை எழுதுகிறேன்" என்றேன். அவர் கரும்பலகை என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் டியூஷன் எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். கரும்பலகை இல்லை, மரப்பலகை. பெயிண்ட் அடித்து, எழுத்து எழுதி, வெயிலிலும் மழையிலும் நிற்க வைக்கிற பலகை. நாலு பலகைகளை மேசைமேல் வைத்திருக்கிறேன். எல்லாம் எட்டு வயசிலிருந்து பதின்மூன்று வயசுக்குள் இருக்கிற பிள்ளைகள் மே மாத விடுமுறையில் செய்தவை. பெயிண்ட் காய்ந்துவிட்டது. தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 முதல் 1978 வரை இங்கே வேதியியல் படித்தேன். விடுதிக் கட்டணம் கட்ட வீட்டில் வசதி இல்லை. அதனால் மாலை வேளைகளில் கடைத்தெருவில் ஒரு பெயிண்டர் அண்ணாச்சியிடம் கைவேலைக்குப் போனேன். கடைப் பலகை, லாரி நெற்றி, சுவர் விளம்பரம், திருவிழா போர்டு எல்லாம் எழுதுவார். முதல் ஆறு மாசம் எனக்கு பிரஷ் கழுவுகிற வேலைதான். அதற்குப் பிறகு ஒருநாள், "எழுத்த எழுதாதடே, வரைடே" என்று சொல்லி பிரஷைக் கையில் கொடுத்தார். நான் பட்டம் வாங்கிய அதே 1978ஆம் ஆண்டு அக்டோபரில்தான் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. 'லை', 'னை', 'ணா', 'றா' முதலான பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. எங்கள் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், பழைய 'லை' யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்து நிற்கும். அண்ணாச்சி கடைசி வரைக்கும் அந்தத் துதிக்கையை விடவே இல்லை. "அதை எடுத்திட்டா பலகைக்கு முகமே இல்லடே" என்பார். பிளக்ஸ் வந்து அவர் தொழிலைத் தூக்கிக்கொண்டு போனது பெரிய கதை. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிறகு நான் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியராகி, 2016இல் ஓய்வு பெற்றேன்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற ஊர். மேற்கே ஒரு பெரிய குளம். குளம் நிறைந்து கிடக்கும்போது அதில் அவ்வளவு பயம் இல்லை. பார்த்தாலே ஆழம் தெரியும், யாரும் லேசில் இறங்க மாட்டார்கள். பயம் கோடையில்தான். தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்துவிடும். ஆனால் உள்ளே கரம்பை மண் அள்ளிய குழிகள் அங்கங்கே நிறைந்தபடி இருக்கும். மேலே பார்த்தால் ஒரே மட்டமான தண்ணீர். எங்கே முழங்கால், எங்கே குழி என்று யாருக்கும் தெரியாது. 2015 மே மாதம் ஏழாம் வகுப்பு முடித்த ஒரு பையன், மூன்று கூட்டாளிகளோடு அங்கே போனான். நடந்துகொண்டே இருந்தவன், அடுத்த அடியில் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் வந்து எடுத்தார்கள். என் வகுப்பில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த பையன். அவன் சைக்கிள் அன்று சாயங்காலம் வரைக்கும் கரையிலேயே சாய்ந்து நின்றது.

அந்தக் கரையில் அறிவிப்பே இல்லாமல் இல்லை. ஒரு தகரப் பலகை இருந்தது. எப்போதோ யாரோ வைத்தது. துருப்பிடித்து, பெயிண்ட் உரிந்து, 'எச்சரிக்கை' என்பதில் கடைசி 'கை' மட்டும் மிச்சமிருந்தது. கீழே இருந்த இரண்டு வரியில் ஒரு எழுத்துகூட இல்லை. நாங்கள் எல்லோரும் தினமும் அந்த வழியாகத்தான் போனோம், வந்தோம்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், 2017 கோடையில், தெருப் பிள்ளைகள் இருபது பேரைச் சேர்த்து இந்த வேலையை ஆரம்பித்தேன். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் நின்றுபோயிற்று. மற்றபடி தொடர்ந்து நடக்கிறது. ஆரம்பத்தில் பெற்றோர்கள் வந்து, "சார், இதுக்கு சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்டார்கள். "பலகைதான் சர்டிபிகேட், வீட்டு வாசல்ல மாட்டிக்கோங்க" என்றேன். இரண்டு பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். (சிரிப்பு)

எடுத்தவுடனே குளத்துக்குப் போகவில்லை. முதல் வருஷம் வீட்டுப் பெயர்ப் பலகை, மரப் பெயர்ப் பலகை இரண்டும்தான். கை பழக வேண்டுமே. இங்கே தாய்மார்கள், தகப்பன்மார்கள், ஆசிரியர்கள் நிறையப் பேர் இருப்பதால், எப்படிச் செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகிறேன். உங்கள் ஊரில் நாளைக்கே செய்யலாம்.

மரத்துக்குப் பெரிய செலவு கிடையாது. தச்சுப்பட்டறையில் மிச்சம் விழுகிற துண்டுகளைக் கேட்டால் தருவார்கள். வேம்பு, மா, வாகை எதுவானாலும் சரி, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் எழுதினால் இரண்டே வாரத்தில் பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிடும். முக்கால் அங்குலக் கனம் இருந்தால் போதும். பிளைவுட் என்றால் தண்ணீர் தாங்குகிற ரகமாக வாங்க வேண்டும், ஓரங்களை பெயிண்டால் நன்றாக அடைத்துவிடவும் வேண்டும். அறுக்கிறது, இழைக்கிறது எல்லாம் ஆசாரி வேலை. பிள்ளைகளிடம் உப்புத்தாளை மட்டும் கொடுக்கிறேன். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைசான தாள், இரண்டையும் மர ரேகை ஓடுகிற திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் பெயிண்ட் அடித்த பிறகு கீறல் எல்லாம் எழும்பித் தெரியும். முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லுவேன். வேப்ப மரத் தூள் மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுவதும் தும்மல்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். பழைய கதவு, பழைய ஜன்னல் பலகை என்று ஆசையாக யாராவது கொண்டுவந்தால், மேலே பழைய பெயிண்ட் இருந்தால் வாங்கவே மாட்டேன். வேதியியல் படித்த நண்பர்களுக்குத் தெரியும், பழைய எனாமல் பெயிண்டுகளில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் நிறையச் சேர்ப்பார்கள். அந்தப் பளிச்சென்ற மஞ்சளே லெட் குரோமேட்தான். அதை உப்புத்தாளால் தேய்த்தால் தூள் பறக்கும். பிள்ளை அந்தக் கையோடு முறுக்கு தின்னும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு வரைக்கும் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நம் நாட்டில் வீட்டு பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதியை 2016இல் கொண்டுவந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். ஆகவே பரணில் கிடக்கிற பழைய டப்பாவை, "வீணாப் போகுதே" என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். புதிதாக வாங்குங்கள். டப்பாவின் மேல் ஈயம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு பலகைக்கு எவ்வளவு பெயிண்ட் ஆகிவிடப் போகிறது?

அண்ணாச்சி காலத்தில் எல்லாம் எனாமலும் டர்பன்டைனும்தான். உழைப்பு என்று பார்த்தால் எனாமல் நன்றாக உழைக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாடை பிள்ளைகளுக்கு ஆகாது. அதனால் தண்ணீரில் கரைகிற, வெளிச்சுவருக்கு அடிக்கிற அக்ரிலிக் வாங்குகிறேன். பிரஷைத் தண்ணீரிலேயே கழுவிக்கொள்ளலாம். எல்லாம் முடிந்த பிறகு மேலே வார்னிஷ் பூசுவதை மட்டும் பெரியவர்கள் செய்கிறோம்.

பிரைமர் அடிக்கும்போது பிள்ளைகள் எல்லோரும் முன்பக்கத்தை மட்டும் அடித்துவிட்டு ஓடப் பார்ப்பார்கள். பலகைக்குப் பக்கம் ஆறு. ஆறும் அடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை மூடி மறுபக்கத்தைத் திறந்து விட்டால், திறந்த பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பும், பலகை வளையும். அதிலும் குறுக்கே அறுத்த இரண்டு முனைகள் இருக்கிறதே, அங்கேதான் மரத்தின் நாளங்கள் வாய் திறந்து கிடக்கின்றன. இளநீரில் குழல் போட்ட மாதிரி தண்ணீரை உறிஞ்சும். அந்த முனைக்கு இரண்டு தடவை அடிப்போம். ஒருநாள் தேய்ப்பு, ஒருநாள் பிரைமர், ஒருநாள் நிறம், கடைசி நாள்தான் எழுத்து. அக்னி நட்சத்திர வெயிலில் மத்தியானம் அடித்தால் பிரஷிலேயே பெயிண்ட் காய்ந்துவிடும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைக்கும், வேப்ப மர நிழலில்.

இனி எழுத்து. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செயலாளர் மணி அடித்துவிடுவார், இருந்தாலும் கொஞ்சம் சொல்லுகிறேன். இங்கிலீஷ் பெரிய எழுத்துகளை இரண்டு கோட்டுக்குள் அடைத்துவிடலாம். தமிழ் அப்படி அடங்காது. 'ஆ'வுக்கும் 'ழ'வுக்கும் வால் கீழே இறங்கும். 'கு', 'து' எல்லாம் கீழே வளையும். 'கி', 'கீ' மேலே சுழிக்கும். புள்ளி உச்சியில் நிற்கும். அதனால் நாலு கோடு போடச் சொல்லுகிறேன். நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் கோடு நேராக விழும். பிள்ளைகளுக்கு இந்த வேலையில் மிகவும் ஆசை. அடுத்தது இடம் பிரிப்பது. ஆறு எழுத்து இருக்கிறது, பலகையை ஆறாகப் பிரி என்றால் தமிழில் நடக்காது. 'ர' ஒல்லி. 'ண', 'ஞ' குண்டு. 'ணை' இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் பேப்பரில் முழுசாக எழுதி, நீளத்தைக் கத்தரித்து, இரண்டாக மடித்தால் நடுவிடம் தெரிந்துவிடும். அதைப் பலகையின் நடுக்கோட்டில் வைத்து, பேப்பரின் பின்பக்கம் அடுப்புக்கரியைத் தேய்த்து, மேலே பென்சிலால் ஓட்டினால் பலகையில் பதிந்துவிடும். அதற்கு மேல்தான் பிரஷ்.

முதல் பலகையைப் பாருங்கள், அது ஒரு வீட்டுப் பெயர். எழுதிய பையன் வீட்டிலிருந்த பழைய பலகையைப் பார்த்து எழுதினான். அதில் 'இல்லம்' என்பது சரியாக வந்துவிட்டது, 'மலை' என்ற இடத்தில் அந்தப் பழைய துதிக்கை. "சார், இது என்ன எழுத்து?" என்று கேட்டான். "உங்க ஆச்சிகிட்ட கேளுடே" என்றேன். ஆச்சி அவனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பழைய எழுத்துகளை எழுதிக் காட்டியிருக்கிறார். கடைசியில் பழைய எழுத்தே இருக்கட்டும் என்று வீட்டில் முடிவு பண்ணிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பரீட்சையில் மட்டும் இப்படி எழுதிவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது பலகை 'மருத மரம்'. ஆற்றங்கரையில் நின்றது. மரப் பலகையைப் பற்றி ஒன்றே ஒன்று: மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உயிரோட்டம் இருக்கிறது, ஆணி அடித்த காயத்தில் நோய் புகும். கம்பியால் இறுக்கிக் கட்டினால் அதைவிட மோசம். மரம் பெருக்கப் பெருக்கக் கம்பி கழுத்தை நெரிக்கும். பக்கத்தில் தனியாக ஒரு கட்டை ஊன்றி அதில் மாட்டுங்கள். மண்ணுக்குள் போகிற பாகத்துக்கு ஒன்றரை அடிக்குத் தார் பூசினால் கரையான் அவ்வளவு சீக்கிரம் வராது.

மூன்றாவது வருஷம், 2019இல்தான் குளத்துக்குப் போனோம். போனோம் என்றால் பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் கரையில். மீன் குத்தகைக்காரர் ஒருவரும், அவர் தம்பியும், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூங்கில் கழியால் ஆழம் பார்த்தார்கள். கழியில் அடிக்கு ஒரு துணி கட்டியிருந்தது. குழி ஐந்து இருந்தது. ஒன்றில் கழி பதினொரு அடி இறங்கிற்று. கரையிலிருந்து பத்து எட்டு தள்ளி! கழி இறங்க இறங்கப் பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். எட்டுக்கு மேல் எண்ணும்போது சத்தம் குறைந்துபோயிற்று.

பிறகு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, என்ன எழுதலாம் என்று பேசினோம். ஒருவன், "எச்சரிக்கை, ஆழமான பகுதி" என்றான். "இது எல்லா இடத்திலயும் இருக்கு சார், யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள் ஒரு பெண். இன்னொருவன் வேகமாக, "இறங்கினால் மரணம்னு போடுவோம் சார், மண்டை ஓடு வரைவோம்" என்றான். அதற்கு ஆறாம் வகுப்புப் பையன் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். "மண்டை ஓடு போட்டா எங்க அண்ணன் வேணும்னே இறங்குவான் சார்." வாஸ்தவம்தானே! பதினைந்து வயசுப் பையனுக்கு மண்டை ஓடு ஒரு சவால். கடைசியில் பிள்ளைகளே முடிவு செய்த வாசகம் இதுதான்: "இங்கே முழங்கால் தண்ணீர். பத்து எட்டு தள்ளி இரண்டாள் குழி." பயமுறுத்தலும் இல்லை, புத்திமதியும் இல்லை. என்ன இருக்கிறதோ அது. 'ஆழம் பதினொரு அடி' என்றுகூடப் போடலாம். ஆனால் இரண்டாள் என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இந்தப் பெரிய பலகைக்குப் பக்கத்தில், குழிக்கு நேராகக் கரையில் நிற்க, அம்புக்குறியோடு சின்னப் பலகைகள் ஐந்து தேவைப்பட்டன. வாசகம் 'இங்கே குழி'. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். மேசையில் மூன்றாவதாக இருப்பது அதில் ஒன்று. கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறேன், பின்னால் இருப்பவர்களும் பாருங்கள். அழகான எழுத்து. கோடு பிசகவில்லை. மஞ்சளில் கறுப்பு. படியுங்கள்.

ஆமாம். 'இங்கே குளி'.

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ழ' எல்லாம் 'ள'தான். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்போம், கோழியைக் 'கோளி' என்போம். ஐந்தாம் வகுப்புப் பெண் பாவம், காதில் கேட்கிறபடி எழுதிவிட்டாள். பேப்பரில் எழுதும்போது பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள், அவர்களும் அதே ஊர்ப் பிள்ளைகள்தானே, அவர்கள் கண்ணுக்கும் தப்பிவிட்டது. பலகையைக் காய வைத்திருந்தபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்து, "சார், அப்ப அங்க குளிக்கலாமா?" என்று கேட்டான்.

எனக்கு ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இந்த ழகர ளகரத்துக்கு ஒரு மார்க், அரை மார்க் என்று குறைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த ஒரு எழுத்து எவ்வளவு கனம் என்று தெரிந்தது. குழிக்கு நேராக அந்தப் பலகை நின்றிருந்தால் என்ன ஆகும்? அந்தப் பெண் அழுதாள். அவளை யாரும் திட்டவில்லை. மறுநாள் அவளே வந்து, "சார், அதை அழிக்க வேண்டாம், எல்லாருக்கும் காட்டுங்க, நான் வேற ஒண்ணு எழுதுறேன்" என்றாள். ஒன்று கேட்டவள் இரண்டு எழுதிக் கொடுத்தாள். நாலாவதாக இருப்பது அவள் எழுதியதுதான், ஒரு மழைக்காலம் கரையில் நின்று வந்த பலகை. 'ழ'வின் வாலைப் பாருங்கள், வேண்டுமென்றே நீளமாக இழுத்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எந்த வாசகமானாலும் பேப்பரில் இருக்கும்போதே, மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காத ஒரு பிள்ளை அதைச் சத்தமாகப் படித்து, என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பலகை. ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் காலையில் 'வாழை, கோழி, குழி, ஆழம்' என்று எல்லோரும் நாக்கை மடித்துச் சொல்லிப் பழகுகிறோம். தெருவில் போகிறவர்கள் ஏதோ பஜனை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கணக்குச் சொல்லுவார்கள். பத்தடி தூரத்திலிருந்து சுகமாகப் படிக்க ஒரு அங்குல உயரம் வேண்டும். இது இங்கிலீஷ் எழுத்துக்குப் போட்ட கணக்கு. நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம், அதனால் நான் ஒன்றரை மடங்கு வைப்பேன். குளத்துப் பலகை இரண்டடி நீளம், ஒரு அடி உயரம். அதில் 'குழி' என்ற சொல் மட்டும் நாலு அங்குலம். மஞ்சள் தரையில் கறுப்பு எழுத்துத்தான் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியும். பச்சையில் சிவப்பு எழுதினால் வீட்டில் பார்க்க நன்றாக இருக்கும், வெளியில் சாயங்காலம் ஒன்றும் தெரியாது, நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பகலிலும் தெரியாது. படிக்கத் தெரியாத குழந்தைகளுக்காக ஒரு படமும் உண்டு. தலைக்கு மேலே தண்ணீர்க் கோடு, கோட்டுக்கு மேலே ஒரு கை. அந்தத் துருப்பிடித்த தகரத்தில் மிச்சமிருந்த 'கை' என் மனசில் இருந்தது. பிள்ளைகளிடம் அதைச் சொன்னதில்லை.

பெரிய பலகையின் பின்பக்கத்தில் இன்னொரு வாசகம் இருக்கிறது: "ஒருவர் மூழ்கினால் நீ குதிக்காதே. கத்து. கயிறு எறி. 108." பேப்பரில் செய்தி படிக்கிறீர்களே, ஒருவன் மூழ்க, காப்பாற்றப் போன அண்ணன், அவனைக் காப்பாற்றப் போன மாமா என்று மூன்று பேர் போனதாக. அதற்காகத்தான் அது. பலகை நிற்கிற கட்டையிலேயே ஒரு ஆணியில் நாற்பதடிக் கயிறும், மூடி இறுக்கிய ஒரு காலி பிளாஸ்டிக் கேனும் மாட்டியிருக்கிறோம். கேன் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். முதல் வருஷம் கயிறை யாரோ மாடு கட்ட அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது கயிறு முழுக்க மஞ்சள் பெயிண்ட் தடவி வைத்திருக்கிறோம். ஊரில் எந்த மாட்டின் கழுத்தில் இருந்தாலும் தெரிந்துவிடும். (சிரிப்பு)

அனுமதி வாங்குவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். வாங்கத்தான் வேண்டும். குளம் நம்முடையது இல்லை. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு நாலு தடவை நடந்தேன். "பலகை வைக்கிறது எங்க வேலை" என்றார்கள். "அப்ப வைங்க" என்றேன். "நிதி இல்லை" என்றார்கள். ஐந்தாவது தடவை பிள்ளைகளில் ஆறு பேரைப் பலகையோடு கூட்டிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் கையெழுத்து ஆயிற்று. நல்ல மனுஷர்தான் அவர், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்தப் பலகைகளால் இத்தனை உயிர் பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி எண்ண முடியாது. பலகை வேலி ஆகாது, கூடப் போகிற பெரிய ஆளும் ஆகாது, நீச்சல் கற்றுக் கொடுப்பதற்கும் ஈடாகாது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொல்லுகிறது. ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் சாவதற்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் நாலு பலகை எம்மாத்திரம்? ஆனால் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுகிறேன். கழி இறங்குவதை எண்ணின பிள்ளைகள், அந்தக் குழியை எழுதின பிள்ளைகள், அங்கே இறங்குவதில்லை. மற்றவன் இறங்கப் போனால், "ஏலே, அது நான் எழுதினது, படிச்சிட்டுப் போலே" என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். அரசாங்கப் பலகைக்கு இல்லாத ஒரு அதிகாரம் அதற்கு வந்துவிடுகிறது.

இன்னொன்று, பலகை ஒரு தடவை வைத்ததோடு முடிவதில்லை. மழை முடிந்து குளம் வற்றும்போது குழி இடம் மாறியிருக்கும். புதிதாக மண் அள்ளியிருப்பார்கள். போன வருஷப் பலகை இந்த வருஷம் பொய் சொல்லும். குழி இல்லாத இடத்தில் குழி என்று இருந்தால், அடுத்த பலகையையும் எவனும் நம்ப மாட்டான். ஆகவே ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் மறுபடி கழி, மறுபடி எண்ணிக்கை, பழைய பலகைகளைப் பிடுங்கி இடம் மாற்றுவது, உரிந்த இடத்தில் பெயிண்ட் தொடுவது. 2019இல் எழுதின பிள்ளைகளில் சிலர் இப்போது கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். மே மாதம் ஊருக்கு வரும்போது கயிறு பிடிக்க வருகிறார்கள்.

மணி அடித்துவிட்டார் செயலாளர். முடித்துக்கொள்கிறேன். நம் விடுதிக்குப் பின்னால் இருக்கிற பழைய கிணறு உங்கள் எல்லோருக்கும் தெரியும். கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. சுவர் கட்டுவதற்கு சங்கம் ஏற்பாடு செய்வதாகத் தலைவர் காலையில் சொன்னார். அதுவரைக்கும் அங்கே ஒரு பலகை வேண்டும், முதல்வர் அவர்கள் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பிரைமர் அடித்து மஞ்சள் பூசிய பலகை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். ஆழம் அளக்கக் கயிறும் கல்லும் இருக்கிறது. வாசகத்தை இன்றைய மாணவர்கள் சொல்லட்டும். படித்துப் பார்த்துச் சொல்ல, நண்பர்கள் கூட்டி வந்திருக்கும் பேரக் குழந்தைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டரை மணிக்கு விடுதி வராந்தாவில் ஆரம்பிக்கிறோம். வருகிறவர்கள் நல்ல வேட்டியை மாற்றிக்கொண்டு வாருங்கள்.